நேர்காணலில் "விசேஷம் எப்போ?" என்று கேட்டால் என்ன செய்வது?

தறிக்காரர்_மகள் | திங்கள், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நான் பி.காம். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ரீகன்சிலியேஷன் எல்லாம் கையால பார்த்த அனுபவம் இருக்கு. தை மாசம் கல்யாணம் ஆச்சு. ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் வந்துட்டேன். போன வாரம் பீளமேடு பக்கம் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில கணக்காளர் வேலைக்கு நேர்காணல். சம்பளம் 18,000னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

முதல் இருபது நிமிஷம் நல்லாத்தான் போச்சு. உள்ளீட்டு வரிக் கணக்குல சப்ளையர் பில்லும் போர்ட்டலும் ஒத்துப்போகலைன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார். சொன்னேன், தலையாட்டினார். அப்புறம் என் ஃபைலை மூடி வெச்சுட்டு, "கல்யாணம் ஆயிருச்சாம்மா?"ன்னார். ஆமான்னேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்? மாமியார் கூட இருக்காங்களா? விசேஷம் ஏதாவது உண்டா? இல்லேன்னா எப்போ?" நான் பேசாம இருந்தேன். "தப்பா நினைக்காதம்மா, ஒரு ரெண்டு வருஷம் கழிச்சு, குழந்தை கொஞ்சம் பெருசானதும் வா. உன்ன மாதிரி ஆள் எங்களுக்கு வேணும்"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

வெளியே என் பக்கத்துல உட்கார்ந்திருந்த பையனுக்கும் அதே வேலை, அதே நேர்காணல். அவருக்கும் தை மாசம்தான் கல்யாணம். அவர்கிட்ட என்ன கேட்டாங்கன்னு விசாரிச்சேன். எப்போ சேர முடியும், வண்டி இருக்கான்னு மட்டும் கேட்டாங்களாம்.

இதுக்கு ஏதாவது செய்ய முடியுமா? இல்ல அடுத்த இடத்துல தாலியை உள்ள தள்ளிக்கிட்டு "ஆகலை"ன்னு சொல்லிட வேண்டியதுதானா?

---

மறைமலைநகர் | திங்கள், இரவு 10.15

சகோதரி, நான் ஆள்சேர்ப்பு ஏஜென்சியில இருந்தவன். நீங்க சொன்னது ஒரு மேனேஜரோட தனிப்பட்ட குணம்னு நினைச்சுடாதீங்க. கம்பெனிகள்ல இருந்து ஏஜென்சிக்கு வர்ற ஆர்டர்லயே இது இருக்கும். "பெண்கள், 18 முதல் 26, கல்யாணம் ஆகாதவங்க." மெயில்ல பெரும்பாலும் வராது, போன்ல வரும். அதனாலதான் யாராலும் பிடிக்க முடியறதில்ல.

2024 ஜூன்ல ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலை பற்றி ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். கல்யாணமான பெண்களை அசெம்ப்ளி வேலைக்கு எடுக்காம திருப்பி அனுப்பறாங்கன்னு. உடனே மத்திய தொழிலாளர் அமைச்சகம், 1976 சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறைகிட்ட அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் விட்டது. அவ்வளவு பெரிய ஆலையில வெளிச்சத்துக்கு வந்துச்சு. நாப்பது பேர் வேலை செய்யற இடத்துல யார் போய்ப் பார்ப்பா?

இந்திய ஆலைகள்ல வேலை பார்க்கற பெண்கள்ல பத்துக்கு நாலு பேருக்கு மேல தமிழ்நாட்டுலதான் இருக்காங்க. நாம அதைப் பெருமையாச் சொல்லிக்கறோம். சரிதான். ஆனா அவங்கள்ல எத்தனை பேர் கல்யாணத்துக்கு அப்புறமும் அதே லைன்ல நிக்கறாங்கன்னு கேட்கணும். நூற்பாலைகள்ல சுமங்கலித் திட்டம்னு நடந்தது என்ன? கல்யாணம் ஆகாத பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து, மூணு வருஷம் ஹாஸ்டல்ல அடைச்சு வேலை வாங்கி, முடிவுல ஒரு தொகை. கல்யாணம்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அந்த எண்ணம் இன்னிக்கு ஏசி போட்ட ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கு.

---

பனியன்_கம்பெனி | செவ்வாய், காலை 7.05

ஏனுங்க, எல்லாரும் முதலாளியையே திட்டறீங்க. நானும் திருப்பூர்ல நாப்பது மிஷின் வெச்சு ஓட்டறவன். மனசுல இருக்கறதைச் சொல்றேன். 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் போட்டாச்சு, நல்லதுதான். அந்தச் சம்பளத்தை யார் கொடுக்கறது? அரசாங்கமா கொடுக்குது? ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போனா பையர் ஏர் ஃப்ரைட்ல அனுப்புன்னு சொல்லுவான், அது என் தலையில. புதுசா கல்யாணமான பொண்ணை எடுத்தா ஆறு மாசத்துல லீவு. சின்னக் கம்பெனி எப்படிங்க தாங்கும்?

---

தொழிலாளர்_வழக்கு | செவ்வாய், காலை 8.30

பனியன் கம்பெனி அண்ணாவுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். இந்த ஒரு விஷயம் தெளிவானா பாதி விவாதம் தீர்ந்துடும்.

உங்க கம்பெனிக்கு ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உண்டுதானே? மாசச் சம்பளம் 21,000 வரைக்கும் வாங்கறவங்க எல்லாரும் அதுக்குள்ள வர்றாங்க. 2017 ஜனவரியிலிருந்து அதுதான் வரம்பு. நீங்க 3.25 சதவீதம் கட்டறீங்க, தொழிலாளி 0.75 சதவீதம் கட்டறாங்க. ஈஎஸ்ஐயில இருக்கற பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தைக் கொடுக்கறது ஈஎஸ்ஐ கழகம். முழு சராசரிக் கூலியும் அவங்க வங்கிக் கணக்குக்குப் போகும். அந்த நாட்களுக்கு நீங்க சம்பளம் போட வேண்டியதில்ல. நீங்க ஆம்பள ஆளுக்குக் கட்டினாலும் பொம்பள ஆளுக்குக் கட்டினாலும் அதே 3.25 தான். ஆக, உங்க டைலர், செக்கிங், பேக்கிங் ஆட்கள் யாரையும் "மகப்பேறு செலவு" காரணமா ஒதுக்க நியாயமே கிடையாது. அந்தச் செலவு ஏற்கெனவே எல்லா முதலாளியும் சேர்ந்து கட்டின பணத்துலதான் நடக்குது.

தறிக்காரர் மகளே, உங்களுக்குச் சொன்ன சம்பளம் 18,000. அந்த மேனேஜருக்கும் இதே பதில்தான்.

---

ஓவர்லாக்_செல்வி | செவ்வாய், மதியம் 1.20

வக்கீல் சார் சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு ரெண்டு குழந்தைக்கும் ஈஎஸ்ஐதான் பணம் போட்டது. மேஸ்திரிகிட்ட கேட்டா அவருக்கே தெரியல, "கம்பெனிதான் குடுக்குது"ன்னு நினைச்சுட்டு இருந்தார்.

அண்ணா, ஷிப்மென்ட்டைப் பத்திச் சொன்னீங்க. தீபாவளி முடிஞ்சா ஒடிசா பசங்க, பீகார் பசங்க எத்தனை பேர் திரும்பி வர்றாங்க? நம்மூர்ப் பசங்க பக்கத்து யூனிட்ல ஷிப்ட்டுக்கு அம்பது ரூபா சேர்த்துத் தர்றாங்கன்னா சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுத் திங்கக்கிழமை அங்க நிப்பாங்க. சொல்லிட்டா போறாங்க? மாசமா இருக்கற பொண்ணு நாலு மாசத்துக்கு முன்னாடியே உங்ககிட்டச் சொல்லுது. எந்தத் தேதிக்கு ஆள் வேணும்னு உங்களுக்குத் தெரியும். கூடவே ஒரு புது ஆளை நிறுத்திப் பழக்கலாம். நான் லீவுல போறப்ப கைமடிக்கற பொண்ணு ஒருத்திக்கு கழுத்துப்பட்டி அடிக்கச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனேன். இன்னிக்கு அவ டைலர்.

இன்னொண்ணும் சொல்லணும். செக்கிங், கைமடிக்கறது எல்லாம் பொம்பளைங்க வேலை, அதனால கூலி கம்மி. கட்டிங் மாஸ்டர், அயர்ன் எல்லாம் ஆம்பளைங்க, கூலி ஜாஸ்தி. செக்கிங்ல ஒரு ஓட்டை, ஒரு எண்ணெய்க்கறை தப்பிப் போனா மொத்தப் பெட்டியும் திரும்பி வருது. கண்ணு எரிய எரிய ட்யூப்லைட்டுக்குக் கீழ நின்னு பார்க்கறோம். அந்த வேலைக்கு மதிப்பு கம்மின்னு யார் முடிவு பண்ணுனது?

---

சந்தை_விதி | செவ்வாய், மாலை 5.48

உணர்ச்சிவசப்படாம யோசிங்க. கம்பெனி அவங்க முதல் போட்டு நடத்தறது. யாரை எடுக்கணும்கிறது அவங்க உரிமை. ஒரு இடத்துல கிடைக்கலைன்னா இன்னொரு இடம். திறமையை ஒதுக்கற கம்பெனி தானா நஷ்டப்படும். சட்டம் எதுக்கு?

---

மறைமலைநகர் | செவ்வாய், மாலை 6.30

எல்லாக் கம்பெனியும் ஒரே கேள்வியைக் கேட்டா "இன்னொரு இடம்" எங்கே இருக்கு சார்? ஒரே ஏஜென்சிதான் பத்துக் கம்பெனிக்கு ஆள் அனுப்புது. அங்கே ஒரு தடவை வடிகட்டினா பத்து வாசலும் அடைஞ்சுடும். கம்பெனியும் நஷ்டப்படறதில்ல. ஏன்னா பக்கத்துக் கம்பெனியும் அதையே செய்யுது.

---

தொழிலாளர்_வழக்கு | செவ்வாய், இரவு 9.10

சந்தை விதி அவர்களுக்கு: அரசியல் சாசனத்தின் 15, 16ஆம் பிரிவுகள் பெரும்பாலும் அரசைத்தான் கட்டுப்படுத்தும், உண்மை. அதனால தனியார் கம்பெனிக்கு எதுவும் கிடையாதுன்னு ஒரு நினைப்பு பரவலா இருக்கு. அது சரியில்ல.

1976 சம ஊதியச் சட்டத்துலயே ரெண்டு பகுதி. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்பது 4ஆம் பிரிவு. ஆள் எடுக்கறப்பவே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்பது 5ஆம் பிரிவு. தனியாருக்கும் சேர்த்துத்தான். அந்தச் சட்டம் இப்போ ஊதியச் சட்டத் தொகுப்பு 2019க்குள்ள வந்துடுச்சு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை. அதன் 3ஆம் பிரிவுல கூலி, ஆள்சேர்ப்பு ரெண்டும் இருக்கு.

"கட்டுப்படி ஆகாது" என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 1987லயே பார்த்துடுச்சு. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். யூனியனோட ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்தோம்னு கம்பெனி சொன்னது, பணக் கஷ்டத்தையும் சொன்னது. ரெண்டும் செல்லாதுன்னு தீர்ப்பு.

கல்யாணத்தைக் காட்டி ஒதுக்கறது அரசாங்கமே செஞ்சதுதான். வெளியுறவுப் பணியில பெண் அதிகாரி கல்யாணம் பண்ண அனுமதி வாங்கணும், தேவைப்பட்டா ராஜினாமா செய்யச் சொல்லலாம்னு விதி இருந்தது. 1979ல சி.பி. முத்தம்மா வழக்குல நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாச் சாடினார். 1981 ஏர் இந்தியா வழக்குல முதல் கர்ப்பத்துக்கே வேலையை விட்டு அனுப்பற விதி அடிபட்டது. ஆனா வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் கல்யாணம் கூடாதுங்கற விதியை அன்னிக்கு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது, அது எனக்கு இன்னும் வருத்தமான தீர்ப்பு. 2024 பிப்ரவரியில ராணுவச் செவிலியர் அதிகாரி ஒருத்தர் வழக்குல நிலைமை தெளிவாச்சு. 1988ல கல்யாணம் பண்ணினதுக்காக வேலையை விட்டு அனுப்பினாங்க. 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. முப்பத்தாறு வருஷம் கழிச்சு.

தறிக்காரர் மகள் கேட்டதுக்கு நேரடியா வர்றேன். சட்டத்துல "திருமண நிலை"ன்னு ஒரு வார்த்தை இல்ல. அங்கேதான் கம்பெனி வக்கீல் தப்பிக்கப் பார்ப்பார். ஆனா உங்ககிட்ட கேட்ட கேள்வியை அந்தப் பையன்கிட்ட கேட்கலை. ரெண்டு பேருக்கும் தை மாசம் கல்யாணம். அப்போ உங்களைத் திருப்பி அனுப்பினது கல்யாணத்துக்காக இல்ல, பெண் என்பதுக்காக. இதுதான் உங்க வழக்கோட உயிர்.

---

ஆற்காடு_பொறியாளர் | புதன், காலை 6.55

இழையைத் திசைதிருப்பறதா நினைக்க வேண்டாம், வாசல்ல கேட்கற கேள்வின்னா இதுவும் அதே வாசல்தான்.

வடநாட்டுல பெயரைப் பார்த்தே சாதி தெரிஞ்சுடும். சுகதேவ் தோரட், பால் அட்டேவெல் ரெண்டு பேரும் 2007ல வெளியிட்ட ஆய்வு பத்திப் படிச்சிருக்கேன். ஒரே தகுதியோட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாத்தித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினாங்க. மேல்சாதி இந்துப் பெயரோட ஒப்பிட்டா, தலித் பெயருக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு மூணுல ரெண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூணுல ஒரு பங்குதான். ஆளை யாரும் பார்க்கவே இல்ல. காகிதத்துல இருந்த பெயருக்கே அந்தக் கதி.

தமிழ்நாட்டுல நமக்குப் பெயருக்கு முன்னாடி இன்ஷியல்தான். அது பெரிய விஷயம், அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நேர்காணல்ல என்ன நடக்குது? "சொந்த ஊர் எது?" ஆற்காடு பக்கம்பேன். "ஆற்காட்டுல எங்கே?" ஊர்ப் பேரைச் சொல்வேன். "அங்கே எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாப்புக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" அந்தப் பக்கம்னா காலனி. எதிரே இருக்கறவர் முகம் மாறும். "சரி, சொல்லி அனுப்பறோம்." நான் படிச்சது மெக்கானிக்கல், அவங்க கேட்டது சிஎன்சி புரோகிராமிங். பஸ் ஸ்டாப்புக்கு அங்கே என்ன வேலை?

2015ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினப்போ, மத்தவங்களுக்குத் திறந்திருக்கற வேலையைப் பட்டியல் சாதியினர் செய்யவிடாமத் தடுக்கறதும் குற்றம்னு சேர்த்தாங்க. ஆனா "சொல்லி அனுப்பறோம்"னு சொன்னதை வெச்சு எந்த ஸ்டேஷன்ல புகார் எழுதுவாங்க?

---

மூணுசக்கர_வண்டி | புதன், காலை 10.25

நேர்காணல் ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. கீழேயே வந்து பேச முடியுமான்னு போன்ல கேட்டேன். "அப்படின்னா வேலைக்கு எப்படிங்க ஏறி வருவீங்க?"ன்னு கேட்டு வெச்சுட்டாங்க. என் நேர்காணல் அதோட முடிஞ்சது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வெளியிடணும், தனியாருக்கும் உண்டு. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்தக் கொள்கையோட நகல் ஒண்ணு கொடுங்கன்னு கேளுங்க. இல்லேன்னா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்க. நான் எழுதியிருக்கேன், விசாரிக்கறாங்க.

---

பனியன்_கம்பெனி | புதன், மதியம் 12.40

ஈஎஸ்ஐ கணக்கு எனக்கும் தெரியுமுங்க வக்கீல் சார், லைன் ஆளுங்களுக்கு நீங்க சொன்னது சரி. ஆனா மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் போடறவங்க, அக்கவுண்ட்ஸ் மேனேஜர் எல்லாம் 21,000க்கு மேல. அவங்களுக்கு 26 வாரமும் நான்தான் கொடுக்கணும். முப்பதாயிரம்னா ஆறு மாசத்துக்கு எவ்வளவு ஆச்சு? பெரிய எக்ஸ்போர்ட்டருக்கு அது சில்லறை. எனக்கு அது ஒரு மிஷின்.

---

தொழிலாளர்_வழக்கு | புதன், மாலை 7.15

இது நியாயமான கேள்வி. 2017ல 12 வாரத்தை 26 ஆக்கினாங்க. ஈஎஸ்ஐக்கு வெளியே இருக்கறவங்களுக்கு முழுச் சுமையும் ஒரே முதலாளி மேல விழுது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட மகப்பேறு உடன்படிக்கைகள் இதைத்தான் செய்யக்கூடாதுன்னு சொல்லுது: தனி முதலாளி தலையில கட்டாதே, காப்பீட்டுலயோ பொது நிதியிலயோ கொடு. அப்படிச் செஞ்சாத்தான் பெண்ணை எடுக்க யாரும் தயங்க மாட்டாங்க.

அண்ணா, உங்க சங்கத்துல இருந்து ஈஎஸ்ஐ வரம்பை உயர்த்துன்னு, மேல் சம்பளக்காரங்களுக்கும் ஒரு பொது நிதி வைன்னு அரசாங்கத்துக்கு எழுதுங்க. தொழிற்சங்கங்களும் கூட வருவாங்க. ஆனா அது வர்ற வரைக்கும் அந்தச் செலவை நேர்காணலுக்கு வந்த பொண்ணு தலையில கட்ட உங்களுக்கும் உரிமை இல்ல. அந்தப் பொண்ணு இழக்கறது ஆறு மாசச் சம்பளம் மட்டுமில்ல. சர்வீஸ், பிஎஃப், அடுத்த வேலைக்குக் காட்ட வேண்டிய அனுபவம் எல்லாம் போகுது.

---

சென்ட்ரிங் | புதன், இரவு 8.50

கணக்காளர், மெர்ச்சண்டைசர்னு பேசறீங்க. எங்க அம்மா சித்தாள். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து சித்தாள்தான். கலவை எந்தப் பதத்துக்கு இருக்கணும், எத்தனை பாண்டு மணலுக்கு ஒரு மூட்டைன்னு புதுக் கொத்தனாருங்களுக்கே சொல்லித்தருவாங்க. கூட வந்த பசங்க ரெண்டு, மூணு வருஷத்துல கரண்டி பிடிச்சுக் கொத்தனார் ஆயிட்டாங்க, கூலி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அம்மா கையில கரண்டியை ஒருத்தரும் கொடுக்கலை. "பொம்பள சாரத்துல ஏறுவாளா?"ன்னு கேட்பாங்க. அதே சாரத்துல தலையில செங்கல் வெச்சு ஏறிட்டுத்தானே இருக்காங்க?

ஒரே வேலைக்கு ஒரே கூலின்னு சட்டம் சொல்லுது. மேல் கூலி வேலைக்கே விடலைன்னா அந்தச் சட்டம் எங்க அம்மாவுக்கு எப்படி வந்து சேரும்?

---

ஓவர்லாக்_செல்வி | புதன், இரவு 9.30

தம்பி, இதைத்தான் நானும் செக்கிங்கைப் பத்திச் சொன்னேன். பொம்பளைங்களைக் கீழ் வேலையிலயே நிறுத்திட்டு, அந்த வேலைக்குக் கூலி கம்மின்னு சொல்றாங்க. எங்க யூனிட்ல நாங்க ஒண்ணு பண்ணினோம். டைலர் இடம் காலியானா வெளியே ஆள் தேடறதுக்கு முன்னாடி உள்ளே இருக்கற செக்கிங், கைமடி ஆட்களுக்கு ஒரு வாரம் மிஷின் கொடுத்துப் பார்க்கணும்னு எழுதி வாங்கினோம். வாய்ப்பேச்சா இல்ல, நோட்டீஸ் போர்டுல ஒட்ட வெச்சோம்.

---

தறிக்காரர்_மகள் | வியாழன், காலை 8.00

இவ்வளவு பேர் பேசுவீங்கன்னு எதிர்பார்க்கலை. வக்கீல் சார், அந்தப் பையன் சாட்சி சொல்ல வருவாரான்னு தெரியலை, அவருக்கு அந்த வேலை கிடைச்சிருக்கும். நான் இப்போ முதல்ல என்ன செய்யணும்? வெள்ளிக்கிழமை வேற இடத்துல நேர்காணல் இருக்கு. அங்கேயும் கேட்டா என்ன சொல்றது?

---

தொழிலாளர்_வழக்கு | வியாழன், காலை 9.20

ஒளிக்காமச் சொல்லணும்னா, நேர்காணல் நிலையில நடக்கற பாகுபாட்டை நிரூபிக்கறது கஷ்டம். எல்லாம் வாய்ப்பேச்சு. அதனால முதல் வேலை, வாயால நடந்ததைக் காகிதத்துக்குக் கொண்டு வர்றது. இன்னிக்கே மெயில் போடுங்க, இப்படி:

"ஐயா, இந்தத் தேதியில் கணக்காளர் பணிக்கான நேர்காணலுக்கு வந்திருந்தேன். வேலை தொடர்பான கேள்விகளுக்குப் பின் என் திருமணம், குழந்தைப்பேறு பற்றிக் கேட்டீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வரும்படி கூறினீர்கள். என் விண்ணப்பம் தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கப்பட்டதா, இல்லையெனில் காரணம் என்ன என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கோபமான வார்த்தை ஒண்ணும் வேண்டாம். பதில் வந்தாலும் சாட்சி, வரலைன்னாலும் சாட்சி. அதோட நகலை இணைச்சு, தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. மாநில மகளிர் ஆணையத்துக்கும் ஒரு நகல் அனுப்பலாம். அந்தப் பையன் பேரை இப்போ எழுத வேண்டாம், "அதே நாளில் வந்த திருமணமான ஆண் விண்ணப்பதாரரிடம் இக்கேள்வி கேட்கப்படவில்லை"ன்னு மட்டும் போடுங்க. யார் யாரை நேர்காணல் பண்ணினாங்கன்னு பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்ல அதிகாரிக்கு முடியும்.

தாலியை மறைக்கறது பத்தி: எல்.ஐ.சி.யில சேர்ந்த ஒரு பெண்ணை, விண்ணப்பப் படிவத்துல மாதவிலக்குத் தேதியைத் தப்பாச் சொன்னார்னு பிரசவ விடுப்புக்கு அப்புறம் வேலையை விட்டு அனுப்பினாங்க. நீரா மாத்தூர் வழக்கு. உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது, பெண்ணை அவமானப்படுத்தற அந்தக் கேள்விகளையே படிவத்துல இருந்து எடுக்கச் சொன்னது. கேள்விதான் தப்புன்னு சொன்ன தீர்ப்பு. இருந்தாலும் பொய் சொல்ல வேண்டாம், அதை வெச்சு நாளைக்கு உங்களை மிரட்டுவாங்க.

---

மறைமலைநகர் | வியாழன், காலை 11.05

நேர்காணல்ல சொல்ற மாதிரி ஒரு பதில். "விசேஷம் எப்போ?"ன்னா, "சார், மாசக் கடைசி, ரிட்டர்ன் தேதி நேரத்துல கூடுதலா இருந்து வேலை பார்க்க முடியுமான்னு கேட்கறீங்களா? முடியும். பழைய கம்பெனியிலயும் பார்த்திருக்கேன்." சிரிச்ச முகமா, ஆனா பேச்சை வேலைக்குத் திருப்பிடுங்க. மறுபடி கேட்டா, "இது எல்லா விண்ணப்பதாரர்கிட்டயும் கேட்கற கேள்வியா சார்?"ன்னு கேளுங்க. நான் பார்த்தவரை பெரும்பாலானவங்க அங்கேயே நிறுத்திடுவாங்க.

---

தறிக்காரர்_மகள் | வியாழன், இரவு 10.10

மெயில் போட்டாச்சு. சாயங்காலமே எச்ஆர் பேசினாங்க, "அப்படி எதுவும் இல்லம்மா, உங்க விண்ணப்பம் பரிசீலனையிலதான் இருக்கு"ன்னாங்க. அதையே மெயில்ல அனுப்பச் சொல்லியிருக்கேன். மனுவைத் திங்கக்கிழமை கொண்டு போறேன், வீட்டுக்காரரும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார்.

---

ஓவர்லாக்_செல்வி | வியாழன், இரவு 10.35

நல்லது கண்ணு. நாளைக்குப் போற இடத்துல வேலை கிடைச்சா ஒண்ணு மறந்துடாத. ஈரோட்டுக் கம்பெனியில போட்ட ஈஎஸ்ஐ நம்பர் இருக்குமே, அதையே கொடு. புதுசா ஒரு நம்பர் போடவிடாத. முன்னாடி ரெண்டு பருவத்துல (ஆறு மாசம் ஒரு பருவம்) 70 நாள் பணம் கட்டியிருந்தாத்தான் பிரசவக் காசு வரும், பழைய நம்பர்ல இருந்தா அந்த நாளும் கணக்குல சேரும்.